மூக்கு மேல தட்டான்

மதுரை
16.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் சத்யப்ரியா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாருக்குத்தான் சரியில்லை, நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகிறது. அங்கே நீயும் அப்பாவும் சுகமா? என் ஆட்டுக்குட்டி சுகமா? ப்ளஸ் டூ படிக்கப் போன அக்கா கேட்டதாக அதனிடம் சொல். 'மே' என்று சொன்னால், மே மாதம் வருவேன் என்று சொல்லிவிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், பின்னால் ஹாஸ்டலே வரிசை. போன வாரம் நீ "சாப்டியாடி" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாய். அழுது முடிப்பதற்குள் வார்டன் மேடம் என் தோளைத் தட்டிவிட்டார். கடிதத்தில் நீ எவ்வளவு அழுதாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

உன் அங்கன்வாடி எப்படி இருக்கிறது? லீவில் அங்கே நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன். நீ சத்துமாவு மூட்டை இறக்க வாசலுக்குப் போயிருந்தாய் இல்லையா, அப்போது பிள்ளைகளுக்குப் பின்னால் போய் ஒரு பலூனை ஊதி ஊசியால் குத்தினேன். டமால்! ஆயா "யாத்தீ!" என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பிள்ளைகள் அலறியடித்து ஓடினார்கள். ஒருத்தனுக்கு டவுசரில் மழை. சோலை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! சுவரில் இருந்த பல்லியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்புட்டுத் தைரியம். அன்றைக்கே அவனுக்கு 'கமாண்டர்' பட்டம் கொடுத்துவிட்டேன். என் சல்யூட்டைச் சொல்.

சேட்டை குறையாத மகள்,
சத்யா

*

உசிலம்பட்டி
1.7.2024

அன்பு மகள் சத்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் குட்டி துவரைச் செடியை மேய்ந்து அப்பாவிடம் அடி வாங்கியது. அதுவும் நலம்தான். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே.

பலூன் வேலைக்கு நீ ஊருக்கு வரும்போது இருக்கிறது உனக்கு.

சனிக்கிழமை எங்கள் குழுக் கூட்டம் நம் மையத்தில் நடந்தது. பெரிய மண்டபத்தில் இருநூறு பேரை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டி நடத்தும் பயிற்சி பஸ் ஏறினால் மறந்துவிடுகிறது என்றுதான், பக்கத்து ஊர் டீச்சர்கள் எட்டுப் பேர் சேர்ந்து இந்தக் குழுவை ஆரம்பித்தோம். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒருத்தர் மையத்தில் கூடுவோம். அவர் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்போம். பிறகு ஆளுக்கொன்றாக, அந்த மாதம் தன் மையத்தில் 'சரியாக வராத' ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமை பேசக் கூடாது, அடுத்தவரைக் குறை சொல்லவும் கூடாது. அதுதான் எங்கள் சட்டம்.

இந்த முறை நான் தட்டான் பாட்டு நடத்தினேன். நாங்களே சேர்ந்து கட்டிய பாட்டு.

தட்டான் ரெண்டு பறக்குது
தண்ணி மேல மிதக்குது
சுத்திச் சுத்தி வந்துட்டு
மூக்கு மேல குந்துது!

குந்தும்போது ஒவ்வொரு பிள்ளை மூக்கையும் நான் தொட வேண்டும். அதற்காகவே காத்திருப்பார்கள். சோலையை முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார வைத்திருந்தேன். வாய் இன்னும் திறக்கவில்லை. அவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் கை என்ன ஆட்டம் ஆடுகிறது தெரியுமா! என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். பாண்டியம்மாள் டீச்சர் அவனையே வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டார். சூப்பர்வைசர் மேடம், "எல்லா மையத்திலும் பிள்ளைகள் இப்படிப் பங்கெடுக்க வேண்டும்" என்று பாராட்டினார்.

பெருமை பேசக் கூடாது என்பது குழுவில்தான். உன்னிடம் பேசலாம் இல்லையா?

அம்மா

*

மதுரை
14.7.2024

பாராட்டுப் பெற்ற தமிழ்ச்செல்வி டீச்சர் அவர்களுக்கு,

மகளின் வணக்கம். சுகம், சுகம், சாம்பாரைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

நீங்கள் கூடிக் கற்கிறீர்களா, கூடிக் கொறிக்கிறீர்களா? பாண்டியம்மாள் டீச்சர் கொண்டுவரும் காரச் சீவல் பாக்கெட்டைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லையே! வீடியோவை நான் பார்க்க முடியாது. ஆனால் கமாண்டர் எப்படிக் கையை வீசியிருப்பான் என்று கண்ணிலேயே நிற்கிறது.

என்னை இங்கே காலைப் பிரேயரில் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். பாட்டில் 'அருள்வாய்' என்று வரும் இடத்தில் நான் 'அவல் தா' என்று பாடினேன். மூன்று வரிசைக்கு அது பரவி, மேடைக்கே போய்விட்டது. "முன் வரிசையில் நிற்கத் தகுதி வேணும்" என்றார் வார்டன் மேடம்.

இந்த மாதம் குழுவில் சொல்ல உனக்குக் குறை கிடைக்காவிட்டால் என் பலூன் கதையைப் படித்துக் காட்டு. பெற்ற மகளே சரியாக வரவில்லை என்று சொல். எல்லோரும் சிரிக்கட்டும்.

கடைசி வரிசை,
சத்யா

*

உசிலம்பட்டி
2.8.2024

சத்யாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

நீ சொன்னபடியே செய்தேன். என் முறை வந்ததும் உன் கடிதத்தில் பலூன் பகுதியைப் படித்தேன். ஆயா கரண்டி போட்ட இடத்தில் பாண்டியம்மாள் டீச்சருக்குப் புரையேறிவிட்டது. பள்ளிவாசல் தெரு மையத்து ஆயிஷா சித்திகா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "திரும்பவும் படிங்க செல்வி" என்றார். படித்தேன்.

"அந்தப் புள்ள திரும்பவே இல்லையா?"

"இல்ல. பல்லியப் பாத்துக்கிட்டு இருந்தானாம்."

"நீங்க எப்பவாச்சும் அவனைப் பின்னால நின்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

நான் யோசித்தேன் சத்யா. பிள்ளைகளோடு பேசும்போது குனிந்து, முகத்துக்கு முகம் பேச வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்படியேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆயிஷா டீச்சர் தன் மையத்தை ஆயாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். என்னைப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று பாடச் சொன்னார். கை காட்டாமல், வாயால் மட்டும். பாடினேன். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். சோலை நான் நிற்கும் இடத்தைப் பார்த்தான். அங்கே நான் இல்லை. இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். பக்கத்துப் பிள்ளையின் கை மேலே போனதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தன் கையைத் தூக்கினான்.

இரண்டரை வருஷமாக அவன் பாட்டையே கேட்டதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா

*

உசிலம்பட்டி
20.9.2024

அன்பு மகள் சத்யாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போனிலும் "ம்" "சரி" என்கிறாய். பலூனை நினைத்து மனசுக்குள் போட்டு உழப்புகிறாயா? கிறுக்கி! நீ குத்தாவிட்டால் இன்றைக்கும் நான் அவனை முதல் வரிசையில் வைத்துப் பாராட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

சோலையையும் அவன் அம்மா கனகாவையும் கூட்டிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆயிஷா டீச்சரும் கூட வந்தார். அவனுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே. ஆனால் வழி இருக்கிறது. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனை அரசாங்கச் செலவிலேயே செய்கிறார்கள். ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும். அப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுத்தால் பேச்சு வரும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதாம். அவனுக்குத் தையோடு ஐந்து முடிகிறது. ஜனவரி மூன்றாம் வாரத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

கனகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுக தீவாளிக்கு வரட்டும் டீச்சர், ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றாள். அவள் வீட்டுக்காரன் தங்கப்பாண்டி சோலாப்பூர் பக்கம் முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறான்.

திரும்பும்போது பஸ் உன் ஹாஸ்டல் வழியாகத்தான் வந்தது. பார்வையாளர் நாள் இல்லை. ஜன்னல் வழியாகக் கட்டடத்தைக் காட்டினேன். சோலை உன் ஹாஸ்டலுக்கு ஒரு சல்யூட் வைத்தான். நீதான் பழக்கி வைத்தாயாமே.

தீபாவளிக்கு வந்துவிடு. அதிரசம் சுடுகிறேன்.

அம்மா

*

உசிலம்பட்டி
12.11.2024

அன்பு மகளுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று போனில் சொன்னாய். அதிரசத்தைத் தோழிகளுக்கும் கொடு, எல்லாவற்றையும் நீயே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ பஸ் ஏறின மறுநாள்தான் தங்கப்பாண்டி ஊர் வந்தான். போய்ப் பேசினேன். நாற்காலி எடுத்துப் போட்டான், கலர் வாங்கி வரச் சொன்னான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"எம்புள்ளைக்கு என்ன டீச்சர் கொறச்ச? கண்ணக் காட்டுனா போதும், அம்புட்டும் செய்றான்."

"செய்றான் தம்பி. காது கேட்டா இன்னும் நல்லாச் செய்வான்ல?"

"மண்டையக் கீறி மிசினு வைப்பாகளாம்ல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீக?"

"நிப்பேன்" என்றேன். சிரித்தான். பிறகு தன் போனை எடுத்தான். நம் குழு வீடியோ சத்யா. பாண்டியம்மாள் டீச்சர் போட்டது சுற்றிச் சுற்றி சோலாப்பூர் வரைக்கும் போயிருக்கிறது. முறுக்குக் கம்பெனியில் எல்லோரிடமும் காட்டி மகிழ்ந்திருக்கிறான்.

"பாருங்க. நீங்கதான எடுத்துப் போட்டீக? பாட்டுக்கு எம்புட்டு அழகா ஆடுறான். சூப்பர்வைசரே பாராட்டியிருக்காக. காது கேக்காமயா ஆடுறான்?"

"தம்பி, அவன் பாட்டக் கேட்டு ஆடல. என்னையப் பாத்துத்தான்..."

"அப்ப இம்புட்டு நாளா உங்களுக்கே தெரியலயா டீச்சர்?"

கலரைக் குடித்துவிட்டு வந்தேன். கனகா அடுப்படியிலேயே நின்றாள், வெளியே வரவில்லை.

போன சனிக்கிழமை எல்லோருமாகச் சோலாப்பூர் கிளம்பிவிட்டார்கள். அங்கே பொட்டலம் போட ஆள் வேண்டுமாம், கனகாவும் போகிறாள். "பொங்கலுக்குள்ள கூட்டி வாரேன் டீச்சர், தேதி ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அம்மா

*

மதுரை
24.11.2024

அன்புள்ள அம்மா,

நான் நலம். நீ நலமாக இல்லை என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எல்லா வரியும் வலது பக்கம் சரிந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு யோசனை. தங்கப்பாண்டி அண்ணன் நம்பரை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை என் போன் நேரத்தில் குரலை மாற்றி, "கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், குழந்தையை உடனே ஆஜர்படுத்தவும்" என்கிறேன். போன வருஷம் மின்வாரியக்காரர் மாதிரிப் பேசி அப்பாவையே வியர்க்க வைத்தேனே, மறந்துவிட்டாயா? என்னால் வேறு என்ன செய்ய முடியும் சொல்லு. இங்கே உட்கார்ந்துகொண்டு இயற்பியலில் ப்ளஸ் ஒன் ஒலி அலைகளைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அரையாண்டு லீவிலும் ஸ்பெஷல் கிளாஸாம். வர முடியாது.

சத்யா

*

உசிலம்பட்டி
15.12.2024

சத்யாவுக்கு,

நலம். விளையாடாதே. பயந்துகொண்டு நம்பரையே மாற்றிவிடுவார்கள்.

இங்கே நல்ல மழை. கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே குஷி. உன் குட்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டது, உன்னைப் போலவே முட்டுகிறது. மையத்தில் கூரை ஒழுகி, நிறம் பிரிக்கும் அட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் காய வைக்கிறேன். பரீட்சைக்கு நன்றாகப் படி. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா

*

மதுரை
5.1.2025

அன்புள்ள அம்மா,

நான் சுகம். புத்தாண்டு வாழ்த்துகள்.

மழை, கண்மாய், கொம்பு, கூரை, எண்ணெய் எல்லாம் எழுதியிருக்கிறாய். ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டாய். போனில் கேட்டாலும் "வரிசை நிக்கிது, வைடி" என்று நீயே வைக்கிறாய்.

கமாண்டர் வந்துவிட்டானா?

சத்யா

*

உசிலம்பட்டி
28.1.2025

அன்பு மகள் சத்யாவுக்கு,

பொங்கலுக்கு நீ இல்லாமல் பொங்கினோம். உன் பங்குக் கரும்பை ஆடு தின்றது. நாங்கள் நலம்.

அவர்கள் வரவில்லை. தங்கப்பாண்டி நம்பர் மார்கழியிலிருந்தே அணைந்து கிடக்கிறது. அவனோடு வேலை பார்த்த பேயாண்டி பொங்கலுக்கு வந்திருந்தான். சோலாப்பூர்க் கம்பெனியை விட்டு வேறு ஊருக்கு மாறிவிட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றான். ஆஸ்பத்திரித் தேதி வந்தது, போனது. நானே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எப்ப வந்தாலும் கூட்டி வாங்க, ஆனா லேட் பண்ணாதீங்க" என்றார். யாரைக் கூட்டிக்கொண்டு போக?

சனிக்கிழமை குழுக் கூட்டம் நம் மையத்தில். நடுவில் தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால். கனகா! யாரிடமோ போனை இரவல் வாங்கியிருக்கிறாள். "டீச்சர், இவன் ஒரே அழுகை. மூக்குல வெரல வச்சு வச்சுக் காட்டுறான். உங்களத்தான் கேக்குறான்னு இன்னைக்குத்தான் புரிஞ்சது" என்றாள். சோலையைக் காட்டினாள். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் தட்டான் பாட்டுக்குக் கையை விரித்தான். நான் ஒன்றும் செய்யவில்லை சத்யா, போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனாகவே முழுப் பாட்டையும் கையால் செய்து முடித்தான். ஒரு இடம் தப்பவில்லை.

எந்த ஊர் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்ப அடித்தோம், கிடைக்கவில்லை.

நீ பரீட்சையைப் பார்.

அம்மா

*

உசிலம்பட்டி
2.2.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

ஆயிஷா டீச்சர் எழுதுவது. நல்லாருக்கியாம்மா? உன் பரீட்சைக்கு என் துஆ எப்போதும் உண்டு. உன் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தெரியவும் வேண்டாம்.

அம்மா உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். 'சிக்னல் போயிருச்சு' என்றுதான் எழுதியிருப்பார். எங்களிடமும் அப்படித்தான் சொல்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தான். திரை முழுக்க மூக்குதான் தெரிந்தது. தொடுவதற்காகக் காத்திருந்தான். உன் அம்மா விரலை நீட்டித் தொட்டார். கீழே இருந்த சிவப்புப் பொத்தானில் பட்டுவிட்டது.

உடனே நாங்கள் திரும்ப அடித்தோம். ஒரு ஆள் எடுத்து இந்தியில் பேசினான். எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் "இது எந்த ஊர் பாய், அந்தப் பொண்ணு எங்கே" என்று கேட்டேன். ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். இப்போது மணியே போவதில்லை. நாங்கள் எட்டுப் பேரும் தெரிந்த குரூப்பில் எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அல்லாஹ் கண் திறக்க வேண்டும்.

அன்று சரியாக வராததைச் சொல்லும் முறை வந்தபோது உன் அம்மா அடுத்தவரைக் கை காட்டிவிட்டார். நாங்களும் கேட்கவில்லை. இப்போது எங்கள் எட்டு மையத்திலும் எந்தப் பாட்டையும் ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று பாடுகிறோம். உன் அம்மா மட்டும் தட்டான் பாட்டை நிறுத்திவிட்டார்.

உன் கடிதம் வந்தால்தான் கொஞ்சம் சிரிக்கிறார். எழுதும்மா.

ஆயிஷா சித்திகா

*

மதுரை
9.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். கரும்பு தின்ற ஆட்டைப் பரீட்சை முடிந்து வந்து விசாரித்துக்கொள்கிறேன்.

சிக்னல் அப்படித்தான் அம்மா. அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டாமா? இங்கேயும் அடிக்கடி போகிறது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

போன திங்கட்கிழமை ஒரு சேட்டை செய்தேன். காலையில் இரண்டு காதிலும் பஞ்சை இறுக்கி அடைத்து, அதற்கு மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு பிரேயருக்குப் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக நழுவி முன் வரிசையில், லீடர் கனிமொழிக்கு நேர் எதிரே போய் நின்றேன். என்ன பாட்டு என்று தெரியாது. அவள் வாயைப் பார்த்தேன், அவள் கை கூப்பியபோது கூப்பினேன், தலை குனிந்தபோது குனிந்தேன். ஒரு நொடி பிந்தித்தான். கண்ணை எடுக்க முடியவில்லை அம்மா. இமைத்தால் தவறிவிடுகிறது. பாட்டு முடிவதற்குள் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்றவளுக்குக்கூடத் தெரியவில்லை.

முடிந்ததும் வார்டன் மேடம் என்னிடம் வந்து, "இன்னைக்குத்தான் சத்யா நீ ஒழுங்காப் பாடியிருக்க. இனிமே முன் வரிசையிலேயே நில்லு" என்று தட்டிக் கொடுத்தார்.

அதையும் அவர் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உன்
சத்யா